பெரியப்பாவின் சீவித சரித்திரம்

யாராவது ‘தலைவர்’னு சொன்னா இந்த வயசுலயும் எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருது. ஏன்னு கேக்குறீங்களா? நம்ம வயசுப் பொம்பளைங்க, அதுலயும் அஞ்சாப்போட பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவங்கதான் இதைக் கேக்க லாயக்கு. சின்னதுகளுக்குச் சொன்னா, “நீங்க எதுத்துக் கேட்டிருக்கலாம்ல?”ங்குதுக. எதுத்துக் கேக்குறதாம்! பத்து வயசுல, பாவாடையை இடுப்புல செருகிக்கிட்டு, யாரை எதுத்து? நீங்கல்லாம் கேட்டீங்களா? பேச வந்துட்டாளுக.

எங்க ஊரு அன்னவாசலுக்குத் தெக்க. அப்ப இது சமஸ்தானம். எங்கயோ சீமையில சண்டை நடந்ததுக்கு எங்க ஊர்ல மண்ணெண்ணெய் கெடைக்காமப் போச்சு. இலுப்பெண்ணெய் விளக்குலதான் படிப்பு. அந்தப் பொகை ஏறி, காலையில மூக்கைச் சிந்துனா கரியா வரும். பேப்பருக்கும் பஞ்சம். பழுப்பா, மொரமொரன்னு ஒரு காயிதம் வரும், ரெண்டு தடவை மடிச்சா ஒடிஞ்சுரும். மை வில்லையைச் செரட்டையில போட்டுத் தண்ணி ஊத்திக் கரைச்சு, கட்டைப் பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுதணும். ஒரு சொட்டுச் சிந்தாம அந்தக் காயிதத்துல எழுதுறவ எங்க வகுப்புல நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இப்ப என்ன?

அந்த வருசம் புதுசா ஒரு வாத்தியார் வந்தாரு. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு. எளவயசு. நல்லவருதான், ஆனா வாயைத் தொறந்தா பொஸ்தகம். ‘சாப்பாடு’ங்க மாட்டாரு, ‘போஜனம்’பாரு. ‘ராசா’ங்க மாட்டாரு, ‘ராஜா’ம்பாரு. நாங்க ‘சன்னல்’னா அவரு ‘ஜன்னல்’னு திருத்துவாரு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, இதுலதான் என் குடி முழுகுச்சு.

பங்குனி மாசம் ஒருநா கரும்பலகையில பெருசா எழுதிப் போட்டாரு: ‘ஒரு தலைவரின் ஜீவித சரித்திரம்’. ஆளுக்கொரு தலைவரைப் பத்தி வியாசம் எழுதணும். இன்ஸ்பெக்டர் வர்றன்னைக்கு அவர் முன்னால எந்திரிச்சு நின்னு படிக்கணும். நல்லா எழுதுன புள்ளைக்குப் புதுக்கோட்டையில பெரிய பள்ளிக்கூடத்துல எடம் கொடுக்கச் சொல்லி அவரு கைப்பட எழுதித் தருவாரு.

நான் வீட்டுக்கு ஓடி வந்து அப்பாகிட்ட சொன்னேன். அப்பா அப்ப நல்ல மனசோட இருந்தாரு. “இன்ஸ்பெக்டர் வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வரட்டும், ஒன்னைய புதுக்கோட்டைக்கு அனுப்புறேன். பெரியாத்தாவோட தம்பி வீடு அங்கதானே இருக்கு, அங்கிட்டு இருந்து படி”ன்னாரு. எங்க ஆத்தா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்துச் சிரிச்சா. எனக்குக் காலு தரையில நிக்கலை. பெட்ரோல் இல்லாம கரியைப் போட்டு ஓட்டுற பஸ்ஸுல ஏறி, அந்தப் பொகைக்கு நடுவுல சன்னல் ஓரமா ஒக்காந்து போறதா நெனைச்சு நெனைச்சுப் பாத்துக்கிட்டேன்.

வினை எங்க வந்துச்சுன்னா, ஒரே தலைவரை ரெண்டு பேரு எழுதக் கூடாதுன்னுட்டாரு வாத்தியார். கேட்டதையே கேட்டா இன்ஸ்பெக்டருக்குக் கொட்டாவி வருமாம். முன் பெஞ்சுலேர்ந்து ஒவ்வொருத்தனா எந்திரிச்சுச் சொன்னான். மொதப் பய ராசாவை எடுத்துக்கிட்டான். அடுத்தவன் முந்தின ராசாவை. அடுத்தவன் திவானை. இன்னொருத்தன் லண்டன் சக்கரவர்த்தியை. பொம்பளப் புள்ளைக நாங்க கடைசியில, செவுத்தை ஒட்டித் தரையில ஒக்காந்திருப்போம். எங்கவரைக்கும் வர்றதுக்குள்ள சீமையில உள்ள தலைவருகளெல்லாம் காலி. கூப்பன் கடையில அரிசி தீந்து போற கணக்காத்தான்.

அந்தச் சமயம் கீரமங்கலத்துலேர்ந்து எங்க மாமா பலாப்பழம் தூக்கிட்டு வந்தாரு. ஆத்தாவோட தம்பி. கதர்ச் சட்டை போட்ட ஆளு. “அட கூறுகெட்டதே, நம்ம நாட்டுக்குத் தலைவருன்னா ஒருத்தருதான். அவரு ஜெயில்ல இருக்காரு, எழுதுடி அவரைப் பத்தி”ன்னு பழத்தை அறுத்துக்கிட்டே மணிக்கணக்காச் சொன்னாரு. நான் கைப்பிசினோட கேட்டு மனசுல ஏத்திக்கிட்டு, மறுநா வாத்தியார்கிட்டச் சொன்னேன். அந்த மனுசனுக்கு மொகம் வெளுத்துப் போச்சு. “யார் சொல்லிக் கொடுத்தது? இது சமஸ்தானம். இன்ஸ்பெக்டர் முன்னால நீ அந்தப் பேரைச் சொன்னா என் உத்தியோகம் போயிடும். உட்காரு!”

சரி, குதிரை ஏறிச் சண்டை போட்ட ராணி ஒருத்தி இருந்தாளாமே, அவளைப் பத்தி எழுதவான்னேன். “தலைவர் என்றுதான் போட்டிருக்கிறது. தலைவி என்று போடவில்லை.” அப்ப தலைவின்னு போட்டு எழுதவான்னேன். “தலைவி என்றால் காதல் பாட்டில் வருகிறவள். அதெல்லாம் உனக்கு வேண்டாம்.” பயலுக கொல்லுனு சிரிச்சானுக. இன்னைக்கு நெனைச்சாலும் எரியுது. தலைவருங்கிற சொல்லுல பொம்பளையும் அடக்கம்னு அந்தாளுக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு வக்காலத்து வாங்க அவருக்குப் பொழுது இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில, தொல்லை விட்டாப் போதும்னு, “உங்கள் ஊரில் தலைவர் என்று யாரும் இல்லையா? கோயிலில் முதல் மரியாதை யாருக்கு?”ன்னாரு. “எங்க பெரியப்பாவுக்கு”ன்னேன். “பின்னே என்ன? அவரிடமே போய் அவருடைய ஜீவித சரித்திரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வா. ஆதியிலிருந்து, வரிசையாக, ஒன்று விடாமல்.”

எங்க ஊர்ப் பக்கம் சீவிதம்னா என்னன்னு நம்ம வயசுக்காரங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்துல ராசாவோட படைக்குப் போனவங்களுக்குக் கொடுத்த மானிய நெலம். அந்த ஏற்பாடெல்லாம் எப்பவோ போயிருச்சு, பேரு மட்டும் நெலத்துல ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. எங்களுக்கும் கண்மாய்க்குக் கீழ ஒரு சீவிதம் இருந்துச்சு. ‘சீவிதத்துல தண்ணி பாயுது’, ‘சீவிதத்துல களை எடுக்கணும்’னுதான் பொறந்ததுலேர்ந்து கேட்டிருக்கேன். வாத்தியார் ‘ஜீவிதம்’னதும், ராசாவை ராஜாம்பாருல்ல, அந்த மாதிரி எங்க சீவிதத்தைத்தான் சுத்தமாச் சொல்றாருன்னு நெனைச்சேன். தலைவர்னா சீவிதம் இருக்கணும் போலிருக்கு, அதோட கதையைத்தான் எழுதணும் போலிருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். மொதப் பயலை நெனைச்சுப் பரிதாபம் வேற பட்டேன். ராசாவே எல்லாருக்கும் சீவிதம் கொடுத்தவரு, அவருக்கு ஏது சீவிதம், இவன் என்னத்தை எழுதுவான்னு!

எங்க நெலத்துலயும் ஒரு சிக்கல் இருந்துச்சு. சீவிதம் பெரியப்பா பேருல இருந்துச்சு. அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே முத்தம், ஒரே கெணறு, அடுப்பு மட்டும் தனித்தனி. அறுத்து அடிச்சதும் பாதி நெல்லு எங்க வீட்டுக்கு வந்துரும். அது பங்கா, இல்லை அண்ணன் தம்பிக்குப் போடுற படியான்னு அப்பாவும் கேட்டதில்லை, பெரியப்பாவும் சொன்னதில்லை. கேக்காம இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பாகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். “பெரியப்பாவைப் பத்தி வியாசம் எழுதப் போறேன்”னேன். “அடி சக்கை! போ, ஒண்ணு விடாமக் கேட்டு எழுது, அண்ணனுக்கும் சந்தோசமா இருக்கும்”னாரு. சிலேட்டுப் பலகையை எடுத்துக்கிட்டுப் போனேன். பெரியப்பா வண்டிச் சக்கரத்தைக் கழத்தி வச்சு அச்சுக்கு மசகு தடவிக்கிட்டு இருந்தாரு. முழங்கை வரைக்கும் கறுப்பு.

“பெரியப்பா, ஒங்க சீவிதத்தோட சரித்திரத்தைச் சொல்லுங்க. எழுதிக்கிட்டுப் போகணும்.”

சிரிச்சாரு. “அதுக்கென்னாத்தா சரித்திரம்? நம்ம பாட்டனுக்குப் பாட்டன் வேல்கம்பைத் தூக்கிக்கிட்டுப் படைக்குப் போனாரு. ராசா மனசு குளுந்து கொடுத்தாரு. எழுதிக்க.”

எழுதிக்கிட்டேன். “அப்புறம் அது எப்புடி ஒங்க பேருக்கு வந்துச்சு?”

மசகு தடவுன கை நின்னுச்சு. “ஏன்?”

“வரிசையா எழுதணும் பெரியப்பா. மொதல்ல யாருகிட்ட இருந்துச்சு, அப்புறம் யாருக்கு வந்துச்சு, இப்ப எப்புடி ஒங்ககிட்ட இருக்குன்னு.”

“இதை யாரு கேக்கச் சொன்னது?”

“வாத்தியார்.”

“அந்தத் தஞ்சாவூர்க்காரனுக்கு என் சீவிதம் எதுக்கு?”

“அவருக்கில்லை. இன்ஸ்பெக்டர் வாராரு, அவருகிட்ட படிச்சுக் காட்டணும்.”

ஐயோ, அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேணாம். பெரியப்பாவுக்கு இன்ஸ்பெக்டர்னா ஒருத்தருதான். ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு இன்ஸ்பெக்டர் உண்டுங்கிறதே அந்த மனுசனுக்குத் தெரியாது.

மெதுவாக் கேட்டாரு. “நீ இங்க வந்தது ஒங்கப்பனுக்குத் தெரியுமா?”

“தெரியுமே! அப்பாதான் ஒண்ணு விடாமக் கேட்டு எழுதிக்கிட்டு வான்னாரு.”

எந்திரிச்சாரு. கையைக்கூடத் தொடைக்கலை. முத்தத்தைத் தாண்டி விறுவிறுன்னு எங்க வீட்டுக்கு நடந்தாரு. அப்பா அப்பத்தான் எலையில ஒக்காந்திருந்தாரு.

“ஏன்டா, புள்ளைய விட்டு எழுதிக்கிட்டு வரச் சொன்னியாமே?”

அப்பா சிரிச்ச மொகமா, “ஆமாண்ணே. நாந்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் காதுல விழுந்தா நல்லதுதானே?”

“யாருக்கு நல்லது?”

“நமக்குத்தான். புள்ளைக்கும் ஒரு வழி பொறக்கும்ல.”

“ஒம் புள்ளைக்கு வழி பண்ண என்னைய எழுதிக் கொடுக்குறியா?”

“இதுல ஒளிக்கிறதுக்கு என்னண்ணே இருக்கு? ஊருக்கே தெரிஞ்ச கதைதானே. உள்ளதைச் சொல்லிட்டுப் போங்களேன்.”

அப்பா பாவம், வியாசத்தைப் பத்திப் பேசுறாரு. பெரியப்பா நெலத்தைப் பத்திக் கேக்குறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நான், “பள்ளிக்கூடத்துக்குத்தான் பெரியப்பா! வியாசம் பெரியப்பா!”ன்னு கத்துறேன். “பெரியவங்க பேசுறப்ப வாயைப் பொத்து”ன்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல அதட்டுறாங்க.

“பங்கு வேணும்னா என் மூஞ்சியப் பாத்துக் கேளுடா. பொட்டப்புள்ள கையில பலகையக் கொடுத்து அனுப்பாத!”

அது வரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் வெளங்கலை. பங்குங்கிற சொல்லு காதுல விழுந்ததும் மொகம் மாறிப் போச்சு. சோத்துல இருந்த கையை ஒதறுனாரு. “எனக்குப் பங்கு இருக்குன்னு இன்னைக்காச்சும் ஒங்க வாயால வந்துச்சே”ன்னாரு.

அப்புறம் நடந்ததெல்லாம் சொல்ல வாய் கூசுது. செத்துப்போன பாட்டியை வரைக்கும் இழுத்துப் பேசுனாங்க. யாரு எத்தனை மூட்டை தின்னா, யாரு கல்யாணத்துக்கு யாரு நகை போனதுன்னு, எத்தனையோ வருசமா உள்ள வச்சிருந்ததெல்லாம் வெளிய வந்துச்சு. விடிஞ்சு பாத்தா முத்தத்துக்கு நடுவுல கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சிருக்கு. கெணறு அங்கிட்டு, நாங்க இங்கிட்டு. ஆத்தா கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஊருணிக்கு நடந்தா.

நான் சும்மா இருக்கலை. அப்பாகிட்டப் போயி மெள்ள ஆரம்பிச்சேன். “எனக்கு எல்லாம் தெரியும், போ அங்கிட்டு”ன்னாரு. முள்ளுச் சந்துல நொழைஞ்சு பெரியப்பாகிட்டப் போனேன், பெரியாத்தா வெளக்கமாத்தைத் தூக்குனா. ஒருத்தராவது, என்ன வியாசம், என்ன இன்ஸ்பெக்டருன்னு ஒரு வார்த்தை கேக்கணுமே! கேட்டிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பலை. இன்ஸ்பெக்டர் வர்ற நாளு கிட்டத்துல வந்துருச்சு. செவுத்துல முட்டிக்கிட்டு அழுதேன்.

அப்புறம், ஏன் வரலைன்னு கேட்டுக்கிட்டு வாத்தியாரே வந்தாரு. நான் வாசல்லயே மடக்கி, அழுதுக்கிட்டே முழுக்கச் சொன்னேன். தலையில கையை வச்சுக்கிட்டாரு. நேரா முள்ளடைப்புகிட்டப் போயி நின்னு ரெண்டு வீட்டையும் கூப்பிட்டு, “ஐயா, ஜீவிதம் என்றால் வாழ்க்கை! பிறந்து வளர்ந்த கதை! நிலமில்லை ஐயா!”ன்னாரு.

பெரியப்பா முள்ளு ஓரமா வந்தாரு. “அப்ப அந்த இன்ஸ்பெக்டரு?”

“பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்.”

“அடப்பாவி மனுசா! அதை வாழ்க்கைன்னு சொல்லித் தொலைச்சா என்னய்யா?”

அப்பாதான் மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் பெரியப்பா. சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பாவே முள்ளை இழுத்து அந்தப் பக்கம் போட்டாரு. பெரியாத்தா வெத்தலைத் தட்டைக் கொண்டாந்து வச்சா, வாத்தியாருக்கு மோர் கொடுத்தா. எனக்கு உசுரு வந்துச்சு. இன்னும் ரெண்டு நாளு இருக்கு, ஒரே ராத்திரியில எழுதிருவேன். உள்ள ஓடிப்போயி செரட்டையை எடுத்து மை வில்லையைக் கரைச்சேன். பெரியப்பா சந்தோசமா இருக்கும்போதே, எந்த வருசம் பொறந்தாரு, எப்புடி வளந்தாருன்னு கேட்டுரலாம்னு காயிதத்தோட வெளிய வந்தேன்.

பெரியப்பா பாக்கைக் கடிச்சுக்கிட்டே சொல்லிக்கிட்டு இருந்தாரு. “நல்லவேளை, வாத்தியார் வந்தாரு. இல்லைன்னா இந்தப் புள்ளையால நம்ம ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டுச் செத்திருப்போம்.”

“ஆமாண்ணே”ன்னாரு அப்பா.

“பொட்டப்புள்ளைக்கு இது போதும்டா. நிறுத்திரு.”

“நிறுத்திர்றேண்ணே.”

அவ்வளவுதான். வெத்தலையை மடிக்கிற நேரத்துல முடிஞ்சு போச்சு. இந்தப் புள்ளையாலயாம்! நான் என்ன செஞ்சேன்? ஆத்தா மட்டும் நெலைக்கதவுக்குப் பின்னாடி நின்னு, “அவ என்னத்தச் செஞ்சா? சொல்லிக் கொடுத்ததத்தானே கேட்டா?”ன்னா. புருசனோட அண்ணன் முன்னால அவ வாயைத் தொறந்து நான் பாத்தது அன்னைக்குத்தான். “நீ உள்ள போ”ன்னாரு அப்பா. வாத்தியாரைப் பாத்தேன். இவராவது பேசுவாரான்னு. “கெட்டிக்காரப் பெண். யோசித்துச் செய்யுங்கள்”னாரு. மோரைக் குடிச்சாரு. செம்பைக் கவுத்து வச்சுட்டுப் போயிட்டாரு.

கரைச்ச மை செரட்டையிலயே காஞ்சு போச்சு. நானும் கொட்டலை, ஆத்தாவும் கொட்டலை. எப்ப, யாரு எடுத்துப் போட்டாங்கன்னு தெரியலை. ராசாவைப் பத்தி எழுதுன பயதான் இன்ஸ்பெக்டர்கிட்டப் பேரு வாங்குனான்னு கேள்விப்பட்டேன்.

எனக்கு இப்ப என்ன தோணுதுன்னா, அந்த ரெண்டு பேரும் ஒரு சொல்லுல ஏமாறலை. பங்குங்கிற பயம் ரெண்டு பேரு வயித்துலயும் ரொம்ப வருசமா இருந்துச்சு. அன்னைக்கு அது வெளிய வந்துட்டுது. வந்ததைப் பாத்து அவங்களே நடுங்கிப் போயிட்டாங்க. பழியை யாரு தலையிலயாவது போட்டாத்தானே மறுபடி ஒண்ணா ஒக்காந்து வெத்தலை போட முடியும்? கையில பலகையோட நான் நின்னேன்.

அதுலயாவது நெலைச்சாங்களா? நாலஞ்சு வருசம் கழிச்சு, சமஸ்தானம் போயி ஜில்லாவோட சேந்தப்ப, இனி மானிய நெலமெல்லாம் என்னாகுமோன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. அண்ணனும் தம்பியும் அந்தச் சீவிதத்தைப் பிரிச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. சண்டையெல்லாம் இல்லை, நல்லபடியாத்தான். பெரிய மனுசங்க நாலு பேரு வந்து வரப்புல நின்னு கயிறு பிடிச்சு அளந்தாங்க. பாகப் பத்திரம் எழுதுறதுக்கு இலுப்பூருலேர்ந்து ஒரு ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. உச்சி வெயிலு வந்தும் அந்தாளைக் காணோம்.

அப்பத்தான் அப்பா சொன்னாரு, “எதுக்கு அந்தாளுக்காகக் காத்துக் கெடக்கணும்? நம்ம பொண்ணு நல்லா எழுதும்ணே.”

“அட ஆமா, கூப்பிடு அவளை”ன்னாரு பெரியப்பா.

நான் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கிட்டு அங்கதான் வந்திருந்தேன். புளியமரத்து நெழல்ல துண்டை விரிச்சு, காயிதத்தையும் பேனாவையும் வச்சாங்க. வெள்ளைக் காயிதம், பவுண்டன் பேனா. நான் அதுவரைக்கும் பவுண்டன் பேனாவைத் தொட்டதில்லை.

“வடக்கெல்லையிலேர்ந்து ஆரம்பி ஆத்தா”ன்னாரு பெரியப்பா, ரொம்ப பிரியமா.

நான் அந்தக் காயிதத்தைப் பாத்தேன். மறக்கலை, ஒரு எழுத்துகூட மறக்கலை. புளி கட்டி வர்ற காயிதம், பஞ்சாங்கம், கடைப் பலகைன்னு எது கண்ணுல பட்டாலும் படிச்சுக்கிட்டு, அடுப்புச் சாம்பல்ல வெரலால எழுதி எழுதி அழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

“எனக்கு எழுத மறந்துபோச்சுப்பா”ன்னேன்.

“அதெப்புடி மறக்கும்?” அப்பாவுக்கு நெசமாவே ஆச்சரியம். “இப்பத்தானே நிறுத்துனோம்?”

கலயத்தை எறக்கி வச்சுட்டு வீட்டுக்கு நடந்தேன். இலுப்பூரு ஆளு வர்றதுக்குப் பொழுது சாஞ்சிருச்சு. அது வரைக்கும் அத்தனை பெரிய மனுசங்களும் அந்த வெள்ளைக் காயிதத்துக்கு மேல ஒரு கல்லை வச்சுக்கிட்டு வரப்புலயே ஒக்காந்து கெடந்தாங்க.